பச்சைக் கட்டத்தில் நிற்பவர்

அந்த எடை மெஷின் சரியில்லை. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஏறும்போதே பார்த்தேன், டைல்ஸ் உடைந்த இடத்தில் அதன் ஒரு கால் இறங்கியிருந்தது, சொல்லவும் சொன்னேன், "இது ஆடுதும்மா" என்று, அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஆடாம நில்லுங்க மேடம்" என்றாள், ஆடியது நான்தான் என்பது போல. ரோஸ்லின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சின்னப் பெண், என் பள்ளிக்கூடத்தில் போன வருஷம்தான் பிளஸ் டூ முடித்தவள் என்று சொன்னால் நம்பிவிடலாம். மேலேயிருந்து ஒரு கம்பி இறங்கி என் உச்சந்தலையைத் தட்டியது, சுவரில் இருந்த திரையில் என் பெயர் வந்தது, அமிர்தவல்லி, பெண், வயது, அப்புறம் ஒரு எண், எண்ணைச் சுற்றிச் சிவப்பு. ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்கும்படியாகத்தான் அந்தத் திரையை மாட்டியிருக்கிறார்கள், அது தற்செயல் இல்லை. "வெயிட் அதிகம் மேடம். ஒபீஸ்னு காட்டுது" என்றாள். அடுத்து அவர், என் வீட்டுக்காரர், கருணாகரன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, பர்ஸையும் சாவிக்கொத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு, கோயிலில் சுற்றுக்குள் காலெடுத்து வைப்பது போல ஏறி நின்றார். பச்சை. "சார் சூப்பர். பர்ஃபெக்ட் நார்மல்" என்றாள் ரோஸ்லின், இப்போது நிமிர்ந்து பார்த்து. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இவ்வளவு நேரமாக உள்ளுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய பெருமைச் சிரிப்பு எனக்குத் தெரியும், என்னைக் கேலி செய்யும் சிரிப்பும் தெரியும், இது இரண்டும் இல்லை. பரீட்சையில் பிட் அடித்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் வெளியே வருகிற பிள்ளை வாசலில் சிரிக்குமே, அது. நான் உடற்கல்வி டீச்சர். வயிற்று வலி என்று சொல்லி ஓட்டத்திலிருந்து தப்பிக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்திருக்கிறது.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தாயிற்று, கீழே கேன்டீனில் இட்லியும் பொங்கலும் சாப்பிட்டாயிற்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்களாம், அதுவரை இந்த ஹாலில் காத்திருக்க வேண்டும். இந்த நாற்காலியின் கைப்பிடிகள் இரண்டு பக்கமும் என் இடுப்பை நெருக்குகின்றன, இதைச் செய்தவனும் அந்தப் பச்சைக் கட்டத்தை வைத்துத்தான் அளவெடுத்திருப்பான். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் பி.எம்.ஐ., பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் பிள்ளைகளுக்கு நான்தான் போடுகிறேன். வரிசையில் நிற்க வைத்து, உயரம் பார்த்து, எடை பார்த்து, வகுத்து, சரி, குறைவு, அதிகம். போடும்போதெல்லாம் கை தயங்கும். இதில் எலும்பு எங்கே இருக்கிறது, தசை எங்கே இருக்கிறது, கொழுப்பு தொடையில் இருக்கிறதா அல்லது வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றி ஒளிந்திருக்கிறதா என்று எந்த இடத்தில் கேட்கிறார்கள்? மூட்டையைத் தூக்கிப் பார்த்து இத்தனை கிலோ என்று சொல்லிவிடலாம், பிரிக்காமல் உள்ளே இருப்பது அரிசியா மணலா என்று எப்படிச் சொல்வது. கல்லூரியில் வட்டு எறிந்தவள் நான். அந்தச் சிமெண்டு வளையத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுற்றி, இடது பாதம் ஊன்றி, தொடையிலிருந்து கிளம்பிய வேகம் இடுப்பைக் கடந்து தோளுக்கு ஏறி விரல் நுனியில் போய்ப் பிரியும்போது உடம்பு என்பது எவ்வளவு நல்ல சாமான் என்று தோன்றும். அப்போதும் கணக்குப் போட்டால் நான் அதிகம்தான். எங்கள் கோச் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு "இந்தக் கணக்குல பாத்தா நம்ம டீமே ஆஸ்பத்திரியில இருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அது அப்போது. இப்போது இருப்பதெல்லாம் அந்தத் தசையா? ரெண்டு மாடி ஏறினால் வலது முட்டி ஒரு சத்தம் போடுகிறது. என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. சிவப்பு வந்ததால் மெஷின் சாய்ந்திருக்கிறது என்கிறாய் அமிர்தம், பச்சை வந்திருந்தால் கால் எந்த டைல்ஸில் இருக்கிறது என்று குனிந்து பார்த்திருப்பாயா? பார்த்திருப்பேன். இல்லை, பார்த்திருக்க மாட்டேன். தெரியவில்லை.

அவர் பக்கத்து நாற்காலியில் செல்போனைக் குப்புறக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டு டீவியைப் பார்க்கிறார், டீவியில் சத்தமில்லாமல் யாரோ சமைக்கிறார்கள். எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒரு வண்ண அட்டவணை ஒட்டியிருக்கிறது, அவர் ஆபீஸில் கொடுத்தது, ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் எடை, நடுவில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் ஒரு புள்ளி வைத்து 'நான்' என்று எழுதியவர், சிவப்பில் ஒரு புள்ளி வைத்து என் பெயரை எழுதினார். விளையாட்டுத்தான். கல்யாண வீடுகளில் "நாங்க ரெண்டு பேர், ஆனா மூணு பேர் எடை" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் அப்புறம் கோபக்காரி என்ற பேரும் சேரும். அவருடைய தங்கை வரும்போதெல்லாம் "அண்ணன் இன்னும் காலேஜ் பையன் மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், மேலிருந்து கீழ் வரை, ஒரே ஒரு தடவை. ஆனால் சட்டையைக் கழற்றினால் அவர் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு வயிறு. அதை மெஷின் பார்க்கவில்லை. மெஷின்தான் பார்க்கவில்லை என்றால், படித்த டாக்டர்களும் பார்ப்பதில்லை. எனக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தபோது ஒரு பெரிய டாக்டரிடம் போனேன், சாப்பிட்டதும் கத்தியால் திருகுவது போல வரும், முதுகுக்கு ஓடும். அவர் என் வயிற்றில் கை வைக்கவே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை. "வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்." நான் குறைத்தேன், பாதி வயிறு சாப்பிட்டேன், வலியும் சேர்ந்தே வந்தது, மறுபடி போனேன், மறுபடியும் "குறைங்க". கடைசியில் மஞ்சள் காமாலையோடு வேறொரு ஆஸ்பத்திரியில் விழுந்தபோது பித்தப்பை முழுக்கக் கல், ஒன்று நழுவிப் போய்க் குழாயை அடைத்திருந்தது. "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார்கள். நான் விடவில்லை. அந்த எண்தான் எனக்கு முன்னால் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது, என்னை யாரும் பார்க்கவில்லை. அப்போது அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது இவர்தான் பக்கத்தில் இருந்தார், என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, அழுதிருந்தார். அதையும் சொல்ல வேண்டும். அழக்கூடியவர்தான். அதனால்தான் இந்தச் சில மாதங்களாக எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போகிறார். இப்போதுதானே போனார். செல்போனும் கையில் போகிறது. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு எழுந்து போகிறார், சினிமாவில் பாதியில் எழுந்து போகிறார், பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போகிறார், எங்கே போனாலும் அந்தப் போன் கூடவே போகிறது. இளைத்துவிட்டார் வேறு. "என்ன சார், ஜிம்முக்குப் போறீங்களா" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டபோது கூச்சத்தோடு தலையைத் தடவிக்கொண்டார். பேன்ட்டெல்லாம் தொளதொளத்துப் போய் புதிது இரண்டு எடுத்தார், என்னிடம் கேட்காமல். எப்போதும் டீவி முன்னால் உட்காருகிறவர் திடீரென்று சாயங்காலமானால் நடக்கப் போகிறேன் என்று உய்யகொண்டான் வாய்க்கால் கரைப் பக்கம் கிளம்பினார். நானும் வரேன் என்றதற்கு "உனக்கு முட்டி வலிக்கும்" என்றார். ஒருநாள் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன், மரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார், குனிந்த தலையோடு, திட்டு வாங்குகிற பையன் மாதிரி, இடையில் கெஞ்சுவது போல ஒரு கையை விரித்தார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார். "யாரு?" "ஆபீஸ்ல வத்சலா. ஏதோ பில்லு சரியா வரலையாம்." வத்சலா அவர் வேலை பார்க்கும் உரக் கம்பெனியில் பக்கத்து ஸீட். ஒரு தடவை பார்த்திருக்கிறேன், கொடி மாதிரி இருப்பாள், கண்ணாடி போட்டு, அமைதியாக. கொடி மாதிரி. பார்த்தாயா, உனக்கே அந்த அளவுகோல்தான் முதலில் வருகிறது. பில்லு சரியா வராததற்கு யார் கையை விரித்துக் கெஞ்சுவார்கள்? வீட்டில் என்னோடு படுப்பதும் குறைந்துவிட்டது, அசதி என்கிறார், அசதிதான் போல, பாய்ந்து பாய்ந்து நடப்பவர் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குகிறார், புது ஆசை வந்தவர்கள் இப்படி அசதியாகவா இருப்பார்கள்? இருக்கலாம். யாருக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து மகள் இளவேனில் எங்கள் கல்யாண நாளுக்கு என்று இந்த செக்கப்பை ஏற்பாடு செய்தபோதும் இவர் முகம் மாறியது, "எனக்கு எதுக்கு? நான் நார்மல்தான். உங்கம்மாவுக்கு எடு" என்றார், ரெண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டார், ஆபீஸில் ஆடிட் என்றார், தலைவலி என்றார். உடம்பைப் பார்க்க வர ஒருவர் ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்? ஒருவேளை வேறு ஏதாவது ரத்தத்தில் தெரிந்துவிடும் என்றா? ச்சீ. எங்கே போகிறது புத்தி. அதோ வருகிறார். வழியில் தண்ணீர் மெஷின் முன்னால் நின்று ஒரு கப், இன்னொரு கப், இன்னொன்று, தொண்டை ஏறி ஏறி இறங்குகிறது. பொங்கலில் உப்பு அதிகமா? எனக்கு அப்படித் தெரியவில்லையே.

அவர் வந்து உட்கார்ந்ததுமே ரோஸ்லின் வந்துவிட்டாள், இப்போது அவள் முகத்தில் அந்த 'சார் சூப்பர்' இல்லை. "சார், நீங்க காலையில ஏதாவது சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். "ஏன்?" "இல்ல சார், ஃபாஸ்டிங் சுகர் ரொம்ப அதிகமா வந்திருக்கு. மெஷின்ல தப்பா இருக்குமோன்னு ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தாங்க. அப்படியேதான் வருது." அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாம்மா, வர வழியில ஒரு காபி குடிச்சேன். சக்கரை ஜாஸ்தியாப் போட்டுட்டான்." வீட்டு வாசலில் ஸ்கூட்டரில் ஏறியதிலிருந்து இந்த லேப் வாசலில் இறங்கியது வரை நான்தான் வண்டி ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார், எங்கேயும் நிற்கவில்லை, ஒரு சிக்னலில்கூட நிற்கவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறார். கண் இமைக்காமல், குரல் மாறாமல், சர்க்கரை போட்டவனையும் சேர்த்துப் படைத்து, கடையோடு காபியோடு ஒரு பொய். எவ்வளவு பழகியிருந்தால் இவ்வளவு வழுக்கிக்கொண்டு வரும்? அப்படியென்றால் ஆடிட்? பில்லு? ரோஸ்லின் என்னைப் பார்த்தாள், நான் சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை, அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இல்லை, இந்தப் பொய் எதற்காக என்று தெரிந்துகொள்ளும் வரை அது உயிரோடு இருக்கட்டும் என்று ஒரு கெட்ட ஆசை. "பரவால்ல சார்," என்றாள் அவள், "அப்போ மூணு மாச சராசரி பாக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துடலாம். அது நீங்க காபி குடிச்சாலும் மாறாது, விருந்தே சாப்பிட்டாலும் மாறாது." அவர் முகம் சுருங்கியது. "அதெல்லாம் எதுக்கும்மா? இப்பத்தானே பச்சை காட்டுச்சு? நீதானே பர்ஃபெக்ட்னு சொன்னே?" கெஞ்சலாகத்தான் கேட்டார், கையை விரித்து, மரத்தடியில் விரித்த அதே மாதிரி. "அது எடைக்கு சார். இது ரத்தத்துக்கு" என்றாள் அந்தப் பெண், அவளுக்கே இப்போதுதான் அது தோன்றியது போல ஒரு நொடி நின்று. அவர் எழுந்தார். போனை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார், மறந்துவிட்டு. அதை அவர் மறந்து நான் பார்த்ததே இல்லை.

போன் அடித்தது. வத்சலா. நாற்காலி பிளாஸ்டிக்கில் அது நடுங்கிக்கொண்டே நகர்ந்தது, விழுந்துவிடும் போல. எடுக்கலாமா? எடுத்தால் இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் நான் செய்யாத ஒன்றைச் செய்கிறேன், எடுக்காவிட்டால் இந்த ஹாலில் உட்கார்ந்து இன்னும் என்னென்ன நினைப்பேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. பச்சையைத் தள்ளினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்தக் குரல் வந்தது, வேகமாக, எரிச்சலாக, "சார், எவ்வளவு வந்துச்சு? இன்னிக்காவது மேடம்கிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா? இனிமே நீங்க சொல்லலேன்னா நானே வந்து சொல்லிடுவேன் சார், ஆமா." கொஞ்சலும் இல்லை, குழைவும் இல்லை, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கேட்கிற தாயின் குரல். "நான் மேடம்தான் பேசறேன்" என்றேன். "ஐயோ மேடம்" என்றாள். "சொல்லுங்க," என்றேன், "என்ன சொல்லணும் என்கிட்ட?" சொன்னாள். ஆபீஸில் மருத்துவ முகாம் போட்டு எல்லோருக்கும் விரலில் குத்திப் பார்த்தார்களாம், வரிசையில் இவருக்குப் பின்னால் அவள் நின்றிருக்கிறாள், வந்த சுகரைப் பார்த்துக் குத்தினவரே பயந்துவிட்டாராம். "சார் சிரிச்சுட்டாரு மேடம். என் பி.எம்.ஐ. நார்மல், ஒல்லியா இருக்கறவனுக்கு எப்படி சுகர் வரும், உங்க மெஷின் ரிப்பேர்னு சொல்லிட்டாரு. எல்லாரும் நம்பிட்டாங்க. சாரைப் பாத்தா யாருக்குத் தோணும்? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் மேடம், ஒல்லி, இதே மாதிரி தண்ணி தண்ணின்னு குடிச்சு, இளைச்சு இளைச்சுப் போய், அப்புறம்தான் கண்டுபிடிச்சோம். டாக்டர்கிட்ட போங்கன்னு நான் தினம் சண்டை போடறேன். நடந்தாப் போதும்னு சொல்லி நடக்கறாரு. மேடம்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்." நான் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதை எப்படிச் சொல்வது. "இல்லம்மா" என்று வைத்தேன். நிம்மதி வர வேண்டும் அல்லவா, வரவில்லை. தண்ணீர், பாத்ரூம், தொளதொளத்த பேன்ட், அசதி, எல்லாம் அதே சாமான்கள்தான், நான் வைத்திருந்த அலமாரிதான் வேறு. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இப்படி இளைத்து இப்படித் தண்ணீர் குடித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். வீட்டில் இருந்தவருக்குப் பச்சைப் புள்ளி இருந்ததால் எனக்கும் அது தோன்றவில்லை, அந்த எண்ணை நம்பாதவள் என்று சொல்லிக்கொள்கிற எனக்கும். அதோடு இன்னொன்றும் குத்துகிறது, அவளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போன் என் மடியில் இருப்பதைப் பார்த்தார். "வத்சலா கூப்பிட்டாங்க" என்றேன். டீவியில் அந்த ஆள் இன்னும் எதையோ கிளறிக்கொண்டிருந்தான். "காபி எந்தக் கடையில குடிச்சீங்க?" என்று கேட்டேன், கேட்ட பிறகு இவ்வளவு கொடூரமாகக் கேட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது. அவர் பஞ்சைப் பார்த்துக்கொண்டே, "உன்கிட்ட எப்படிச் சொல்றது அமிர்தம்" என்றார். "ஏன், நான் என்ன சிங்கமா புலியா?" "இத்தனை வருஷம் உன்னை வச்சுத்தானே எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டிருந்தேன். பிரிட்ஜுல வேற ஒட்டி வச்சேன். கடைசியில எனக்கு வந்துருச்சுன்னு..." நான் சிரித்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தின் அடியில், ஒத்துக்கொள்கிறேன், துளியூண்டு சந்தோஷமும் இருந்தது, அவருடைய தங்கை வரும்போது சொல்ல வேண்டும் என்று ஒரு நாக்கு உள்ளே நீண்டது, அதை நான் பல்லுக்குள் கடித்து வைத்தேன். "நார்மல்னு வந்துச்சுல்ல," என்றார், "அதைப் பாத்ததும் ஒருவேளை அந்த விரல் டெஸ்ட் பொய்யோன்னு இருந்துச்சு. ரெண்டுல ஒண்ணுதானே நிஜமா இருக்கணும்?" ரெண்டும் நிஜமாக இருக்கலாம்.

இரண்டாவது ரத்தமும் எடுத்து, எல்லாம் வந்த பிறகு, மத்தியானம் டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கிறோம். டாக்டர் ஷமீமா, முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது, மேஜையில் இரண்டு ஃபைல். மேலே இருந்ததைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். "என்னம்மா, சுகர் இவ்வளவு இருக்கே, மாத்திரை எதுவும் எடுக்கறதில்லையா? மூணு மாச சராசரியே பத்துக்கு மேல இருக்கு. முதல்ல இந்த எடையைக் கொஞ்சம்..." அதே பார்வை, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. என் வாய் தானாகத் திறந்தது, மூடிக்கொண்டேன். அவர் பேசுவாரா பார்க்கலாம். பேச மாட்டார், எனக்குத் தெரியும், ஒரு நிமிஷமாவது அந்தச் சுகர் என் மடியில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார், குடிக்காத காபியைக் குடித்தேன் என்றவர்தானே. மின்விசிறி சுற்றியது. "எனக்குத்தான் டாக்டர்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், "சுகர் எனக்குத்தான். அவங்களுக்கு இல்ல." டாக்டர் ஃபைலில் பெயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், காது வரை சிவந்துவிட்டது. "சாரி மேடம். ரொம்ப சாரி. நான் அப்படி நினைச்சிருக்கக் கூடாது." இவ்வளவு சுத்தமாக ஒரு டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, அதனாலேயே நம்பலாமா என்று இருந்தது. எழுந்து வந்து அவரை நிற்கச் சொல்லி, டிராயரிலிருந்து ஒரு இஞ்ச் டேப்பை எடுத்தாள், தையல்காரர் வைத்திருக்கும் அதே டேப். "சட்டையைத் தூக்குங்க சார். வயித்தை எக்கக் கூடாது, மூச்சை விடுங்க." அவர் மூச்சை விட்டார், சட்டி வெளியே வந்தது. "உங்க எடை சரிதான் சார். எவ்வளவு இருக்குன்னு மெஷின் சொல்லுது, எங்க இருக்குன்னு சொல்லல. நம்ம ஊர்ல நிறையப் பேருக்கு இப்படித்தான், பாக்க ஒல்லி, கொழுப்பு பூரா உள்ள, வயித்தைச் சுத்தி. இப்ப இளைச்சிருக்கறதும் நல்ல இளைப்பு இல்ல, சுகரால வந்தது." என் ஃபைலையும் பார்த்தாள், சுகர் இல்லை, கொலஸ்ட்ரால் பரவாயில்லை, பிரஷர் கொஞ்சம் மேலே போகிறது, முட்டிக்காகவாவது எடையைக் கவனிக்கணும், கண்டுக்காம விடக்கூடாது என்றாள். அப்படியென்றால் நானும் முழுசாகத் தப்பவில்லை. தலையாட்டினேன்.

"வீட்ல யாருக்காவது சுகர் இருந்துதா சார்? அப்பா, அம்மா?" சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "அப்பாவுக்கு இருந்துச்சு. ஒரு காலை எடுத்தாங்க. அப்புறம் ரொம்ப நாள் இருக்கல." நான் திரும்பிப் பார்த்தேன். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர், லாரி மோதிக் காலை எடுத்தார்கள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார், மகளுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார், லாரி எந்த முனையில் திரும்பியது என்பது வரைக்கும் சொன்னார். "அவரும் என்னை மாதிரிதான் டாக்டர். ஒல்லி" என்றார், என்னைப் பார்க்காமல். எத்தனை லாரிகளை இந்த மனிதர் இப்படி ஓட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார், எவ்வளவு பயம் இருந்தால் ஒருவர் தன் அப்பாவின் காலுக்கே பொய் சொல்வார். டாக்டர் அவரைக் கட்டிலில் படுக்க வைத்தாள், கையில் பேனா மாதிரி ஒரு குச்சி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு இழை. "கண்ணை மூடிக்குங்க சார். இதால பாதத்துல தொடுவேன். தொடறது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லணும்." அவர் கண்ணை மூடினார். வெளுத்த, மெலிந்த பாதங்கள், இந்தப் பாதங்களை இவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. டாக்டர் குதிகாலில் தொட்டாள். "தெரியுது." நடுப்பாதத்தில் தொட்டாள். "தெரியுது." கட்டைவிரலுக்குக் கீழே அந்த இழை வளைகிற அளவுக்கு வைத்து அழுத்தினாள், அவர் சும்மா கிடந்தார். டாக்டர் இழையை எடுத்துவிட்டாள், கை அந்தரத்தில் இருந்தது, எதையும் தொடவில்லை. "தெரியுது" என்றார் அவர். டாக்டர் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக் குரலை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன், கட்டிலின் தலைப்பக்கம் போய் நின்றேன். "அவங்க இப்ப தொடவே இல்லங்க" என்றேன், மெதுவாக. மூடிய இமைகளுக்குள் கண்கள் உருண்டன. டாக்டர் மறுபடியும் அதே இடத்தில் இழையை வைத்து அழுத்தினாள், அது வில் மாதிரி வளைந்தது. ஹாலில் யாருடைய பெயரையோ ரோஸ்லின் கூப்பிடுவது கேட்டது. அவர் கையால் காற்றைத் துழாவி என் புடவையைப் பிடித்துக்கொண்டார். "தெரியல அமிர்தம்," என்றார். "அங்க எனக்கு ஒண்ணுமே தெரியல." அதை நம்பினேன்.